நான் ஒரே சுரத்தில் நின்ற கதை

நவம்பர் 21, வெள்ளி

இந்த டைரியை ஜனவரியில் ஓர் இரும்புக்கடைக்காரர் கொடுத்தார். பத்து மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. வீட்டில் பேச ஆள் இல்லாததால் இன்று எடுத்துத் தூசி தட்டினேன்.

பகவதி ஓசூருக்குப் போயிருக்கிறாள், மகள் வினோதினி வீட்டுக்கு. உதவிக்கு. என்ன உதவி என்று தாயும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை. இன்றோடு பதினேழு நாள்.

டைரியானாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு. ஊர் பாளையங்கோட்டை. கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அது வயிற்றுக்கு. மனசுக்கு, இருபத்தெட்டு வருடம் மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார். பாட்டுக்கு நடுவில் மைக் பிடித்து அறிவிப்பதும் நானே. பாடகர் வர நேரமானால் ஒரு மணி நேரம்கூட ஒப்பேற்றுவேன். வந்த பிறகும் சில சமயம் ஒப்பேற்றியிருக்கிறேன்.

காலை: இட்லி மாவு புளித்துப் பொங்கி சமையல் மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தேன். மாலை: மறுபடி துடைத்தேன்.

நவம்பர் 22, சனி

சுந்தரி சாப்பிடவில்லை. சுந்தரி பகவதியின் பூனை. மீன் வாங்கி வைத்தேன், மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் பெயர் ஹெப்சிபா. முப்பத்து நான்கு வயதுதான் இருக்கும். "என்னைக்கிலேருந்து சாப்பிடல?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது இடையில் என் வரலாறும் கொஞ்சம் வந்தது. நான் முடித்தபோது வரிசையில் நின்ற ஆடுகள் படுத்திருந்தன.

"பூனைக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வீட்டுல ஆளு இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். பிறகு, "பாஸ் கிட்டார்னு சொன்னியளே. இப்பவும் வாசிக்கியளா?"

விஷயம் இதுதான். டாக்டரம்மா அவர்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறார். அந்த ஆர்கனில் கைக்கு ஒரு கட்டை வரிசை, காலுக்கு ஒரு கட்டை வரிசை. கால் மிதிக்கும் கட்டையில்தான் கனத்த கீழ்ச்சுரங்கள் வரும். அதன் ஒயரை எலி கடித்துவிட்டது. சரிசெய்ய ஆள் ஜனவரியில்தான் வருவாராம். கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு ஆராதனை டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி.

"எனக்கு ரெண்டு கால் வேணும் அண்ணாச்சி" என்றார்.

மேடையில் எத்தனையோ பட்டம் வாங்கியிருக்கிறேன். கால் என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஒத்துக்கொண்டேன். வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஓசூருக்குப் போன் போட்டேன். வினோதினி எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா."

சாயங்காலமும் போட்டேன். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேப்பரில் போடுகிறவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 26, புதன்

முதல் ஒத்திகை. பாடகர் குழுவில் இருபத்திரண்டு பேர். கிட்டாருக்குப் புதுத் தந்தி மாட்டி, இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். நாலு பாட்டு சுலபம். ஐந்தாவது பாட்டின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் டாக்டரம்மா நோட்டைக் காட்டினார். பதினாறு பார், அதாவது பதினாறு தாளக்கட்டு. பதினாறுக்கும் பாஸ் ஒரே சுரம். ஏ.

அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

"பிழையில்ல அண்ணாச்சி. மேல நாங்க கார்டு மாத்திக்கிட்டே போவோம். நீங்க கீழ ஏ-யிலயே நிக்கணும். இதுக்குப் பெடல்னு பேரு. ஆர்கன்ல காலை ஒரு கட்டையில வச்சு எடுக்காம மிதிச்சுக்கிட்டே இருப்போம்லா, அதுல வந்த பேரு. பதினேழாவது பார்ல டி-க்கு வந்துருங்க."

கிட்டார் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கார்டு என்பது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். ஏ என்பது மூன்றாம் தந்தி. அதை விரலே வைக்காமல் தட்டினால் போதும். டி இரண்டாம் தந்தி. அதற்கும் விரல் வேண்டாம். ஆக, இருபத்தெட்டு வருடம் பழகிய என் இடது கைக்கு இந்த இடத்தில் வேலையே கிடையாது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

வாசித்தோம். நாலு பார் நின்றேன். ஐந்தாவதில் கை தானாக ஒரு சின்ன ஓட்டம் ஓடிவிட்டது. டாக்டரம்மா நிறுத்தினார். மறுபடி. ஏழாவதில் ஓர் ஓட்டம். மறுபடி. ஒன்பதாவது வரை பல்லைக் கடித்து நின்றேன். பதினொன்றாவது பாரில் மேலே பி பிளாட் கார்டு வந்தது. ஏ-யும் பி பிளாட்டும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள், ஒன்றாக ஒலித்தால் காதில் மணல் அள்ளிப் போடும். பாடுகிறவர்கள் பாவம் என்று நானும் பி பிளாட்டுக்குத் தாவி அவர்களைக் காப்பாற்றினேன்.

"எதுக்கு அண்ணாச்சி அங்க போனிய?"

"உரசிச்சு டாக்டரம்மா. அதான் சரி பண்ணினேன்."

"உரசட்டும். அதுக்காகத்தான அந்தக் கார்டே வச்சிருக்கு."

பாஸ் வாசிப்பவனின் முதல் கடமை மேலே என்ன கார்டோ அதன் அடிச்சுரத்தைக் கொடுப்பது. பாட்டு எங்கே போனாலும் கூடவே ஓடுவேன். இதை அவரிடம் விளக்கினேன். ஒத்திகை நேரம் முடிந்துவிட்டது.

நவம்பர் 29, சனி

இன்று ஒரு செங்கல் என்னைவிட நன்றாக வாசித்தது.

நான் ஆறு முறை பதினொன்றாவது பாரில் தாவியதும் டாக்டரம்மா எழுந்து வெளியே போனார். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு செங்கலை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆர்கனின் கைக்கட்டையில் இடது ஓரத்து ஏ மட்டும் அழுந்தும்படி அதன் மூலையை வைத்தார். "நீங்க அங்க பெஞ்சுல போய் உக்காந்து கேளுங்க" என்றார்.

கேட்டேன். செங்கல் நகரவில்லை. பதினொன்றாவது பாரில் உரசியது. செங்கல் அதற்கும் நகரவில்லை. பாட்டு மேலே எங்கெங்கோ போய் அலைந்தது. பதினேழு வந்தது. எல்லோரும் டி-யில் வந்து இறங்கினார்கள். செங்கல் மட்டும் ஏ-யிலேயே இருந்ததால் பாட்டு உட்கார முடியாமல் அந்தரத்தில் தொங்கியது.

எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியளா!" என்றேன்.

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது. இதுக்கு நிக்கத் தெரியும், விடத் தெரியாது. உங்களுக்கு விடத் தெரியும், நிக்கத் தெரியல" என்றார்.

குழுவில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிக்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

சிலிண்டர் வந்தது. சுந்தரி பால் மட்டும் குடித்தது. பகவதி குளிக்கிறாள்.

டிசம்பர் 3, புதன்

புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி தயாரித்துக்கொண்டு போனேன். "டாக்டரம்மா, இது நம்ம சுருதிப்பெட்டி வேலைதான? அதுக்கு எதுக்கு இத்தனை பெரிய பேரு?"

"இல்ல அண்ணாச்சி. சுருதி கச்சேரி முடியுற வரைக்கும் இருக்கும். அது வீடு மாதிரி. பெடல் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகணும். எப்ப அது நகரும் நகரும்னு கேக்குறவன் காத்துக்கிட்டு இருக்கணும். நீங்க அஞ்சாவது பார்லயே நகந்துட்டா அவன் எதுக்குக் காத்திருக்கப் போறான்?"

இதற்கு ஒரு பதில் இருந்தது. குழுவில் ஒருவர், "அண்ணாச்சி, பாட்டு" என்றார்.

டிசம்பர் 6, சனி

மார்க்கெட்டில் ராஜபுஷ்பத்தைப் பார்த்தேன். பகவதியோடு தபால் நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். பகவதி அங்கே போஸ்ட் மாஸ்டர். முப்பத்தாறு வருட சர்வீஸ், அக்டோபர் 31-ல் ஓய்வு பெற்றாள். அன்று சாயங்காலம் ஆபீசிலேயே ஒரு பாராட்டு விழா வைத்தார்கள்.

அந்த விழாவைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? நன்றாக நடந்தது. "வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்றார்கள். பேசினேன். நல்ல வரவேற்பு. மூன்று இடத்தில் கைதட்டல்.

ராஜபுஷ்பம் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "அக்கா எப்ப வாராங்க அண்ணாச்சி?"

"வந்துருவா. மகளுக்கு உதவி."

"பாவம் அக்கா. ரெண்டு வாரமா எழுதுனாங்க. சாப்பாட்டு நேரத்துலயும் எழுதுனாங்க. எங்ககிட்டக்கூடக் காட்டல, அன்னைக்குக் கேட்டுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க."

"என்னத்த எழுதினா?"

ராஜபுஷ்பம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பேசுறதுக்குத்தான்" என்றாள்.

கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

அவள் எழுதி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே.

டிசம்பர் 10, புதன்

ஒத்திகையில் இன்றும் தாவினேன். டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த இடத்துல உங்களுக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சும்மா நின்றால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது என்று தோன்றுகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியது பொய். எனக்குத் தெரியும்.

அன்று ஆபீசில் எனக்கு நேர் எதிரில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டுச் சேலை. கையில் நாலாக மடித்த தாள் இருந்தது. நான் பேச ஆரம்பித்தபோது அதை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கால்மணி நேரம் கழித்து மறுபடி மடித்தாள். கோட்ட அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பகவதி தாளைக் கைப்பையில் வைத்தாள். நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டும் இன்னொரு ஜோக் சொன்னேன். அவள் சமையலைப் பற்றி.

நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். முடித்தபோது அதிகாரிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "அம்மா சுருக்கமா ஒரு வார்த்தை" என்றார்கள். அவள் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

முப்பத்தாறு வருடம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

இன்று நின்றேன்.

ஒன்று முதல் பத்து வரை வலது கை ஏ-யைத் தட்டிக்கொண்டே இருந்தது. பதினொன்றில் பி பிளாட் வந்து உரசியது. ஓடு ஓடு என்றது விரல். நிற்கட்டும் என்று நின்றேன். அந்த உரசலுக்குள்ளே நின்று கேட்டபோதுதான் தெரிந்தது, அது தப்பான சத்தம் இல்லை. பாடுகிறவர்கள் ரொம்பத் தூரம் போய்விட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பது நான் ஓர் இடத்தில் நிற்பதால்தான் தெரிகிறது. இத்தனை நாள் நானும் கூடவே ஓடி அவர்களை எங்கேயும் போகவிடாமல் பண்ணியிருக்கிறேன்.

பதிமூன்று, பதினான்கு. எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடினார்கள். பதினேழில் டி-யைத் தட்டினேன். ஒரே ஒரு தட்டு. அத்தனை பேரும் அதன் மேல் வந்து உட்கார்ந்தார்கள். 

டாக்டரம்மா திரும்பிப் பார்த்து, "வந்துட்டியளா?" என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஓசூருக்குப் போன் போடவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு இப்படி ஆவது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 17, புதன்

வினோதினி அவளே கூப்பிட்டாள். "என்னப்பா மூணு நாளா போனே இல்ல, உடம்பு சரியில்லையா?" என்றாள். பின்னால் பகவதியின் குரல் கேட்டது. "மாத்திரை போட்டாரான்னு கேளுடி."

குளித்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆராதனை. சர்ச் நிறையக் கூட்டம். தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் எனக்கு இடம். ஐந்தாவது பாட்டில் பதினாறு பாரும் நின்றேன், பதினேழில் நகர்ந்தேன்.

முடிந்ததும் கேக்கும் காபியும் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் என் அருகில் வந்து, "பாட்டு அருமை. கடைசியில உடம்பு சிலிர்த்துட்டு. நீங்க யாரு, வயரிங்குக்கு வந்த ஆளா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். டாக்டரம்மா கேக்கை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

டிசம்பர் 22, திங்கள்

காலை பத்து மணிக்கு ஓசூருக்குப் போன் போட்டேன். பகவதியே எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

ஆராதனையைப் பற்றிச் சொல்லலாம், செங்கலைப் பற்றிச் சொல்லலாம், எல்லாம் வாய் வரை வந்தது. "நீ சொல்லு" என்றேன்.

 போனைக் காதிலிருந்து எடுத்து, கூப்பிட்டது நான்தானா என்று பார்த்திருப்பாள்.

பிறகு ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. அக்டோபர் 31, பச்சைச் சேலை, சமையல் ஜோக். நான் "ம்" என்றேன். அங்கிருந்து பின்னால் போனாள். மகள் கல்யாணத்தில் சம்பந்திகளைப் பேசவிடாதது. அவள் அப்பா இறந்த வீட்டில் நான் பேசியது. "ம்." டாக்டரிடம் அவள் வயிற்றுவலியை நான் விளக்கியது. "ம்." பிறகு, அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நானாகப் போய் மைக்கைப் பிடுங்கினேன் என்றாள். அது சத்தியமாக அப்படி இல்லை. மைக்கை என் கையில் திணித்ததே அவள் அண்ணன்தான். சாட்சி இருக்கிறது. நாக்கு துடித்தது. நின்றேன்.

"ம்" என்றேன்.

இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். அவள் குரல் உடைந்தது. "அன்னைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்குன்னு எல்லாரும் உக்காந்திருந்தாங்க" என்றாள். 

இனிமேலும் ம் என்றால் நான் செங்கல்தான். "நீ தாளை மடிச்சதை நான் பாத்தேன் பகவதி. பாத்துட்டுத்தான் பேசினேன். தப்பு என்னோடது. மன்னிச்சிரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தத் தாளு இருக்கா?" என்று கேட்டேன்.

"ஓசூர் பஸ்ல வரும்போதே கிழிச்சுப் போட்டுட்டேன். முதல் வரி மட்டும் ஞாபகம் இருக்கு. சொல்லட்டா?"

"சொல்லு."

"முதல்ல என் வீட்டுக்காரருக்கு நன்றி. முப்பத்தாறு வருஷம் நான் வீட்டுக்கு வந்து சொன்ன ஆபீஸ் கதை அத்தனையும் பேசாமக் கேட்டவரு அவருதான்."

 "அது பொய்யில்லா?" என்றேன்.

"பொய்தான். மேடையில பின்ன என்னத்தச் சொல்ல?" என்றாள். குரலில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அவள் சொன்ன ஆபீஸ் கதைகளில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. "ஒரு கதை சொல்லு. முதல் வருஷத்துலேருந்து ஆரம்பி" என்றேன்.

நம்பாமல்தான் ஆரம்பித்தாள். 1989, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், அவளுடைய முதல் ஆபீஸ். ஓட்டுக் கட்டடம், ஒரு மேஜை, ஒரு தராசு. ஒரு பெண் தினமும் பதினோரு மணிக்கு வந்து ஜன்னல் ஓரம் நிற்பாளாம். பம்பாயிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்பாளாம். இல்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாளாம். நாற்பது நாள். "நாப்பத்தோராவது நாள் லெட்டர் வந்துட்டு. எனக்கு அவளைவிடச் சந்தோஷம். ஓடிப்போய் ஜன்னல் வழியா நீட்டுனேன். அவ வாங்கல..."

இந்த இடத்தில் என் போன் அணைந்துவிட்டது. சார்ஜ் இல்லை. ஓடிப்போய்ச் சொருகி, உயிர் வரும்வரை பக்கத்திலேயே நின்று, மறுபடி கூப்பிட்டேன்.

"என்ன, வச்சிட்டியளா? அதான பாத்தேன்" என்றாள்.

"சார்ஜ் போயிட்டு. நாப்பத்தோராவது நாள், ஜன்னல் வழியா நீட்டுன. அவ ஏன் வாங்கல?"

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. "நிஜமாவே கேட்டுக்கிட்டா இருந்திய?" என்றாள்.

"ம்."

"அத நேர்ல வந்து சொல்லுதேன். வெள்ளிக்கிழமை வாரேன். அதுவரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருங்க" என்று வைத்துவிட்டாள்.

இன்று திங்கள்தான் ஆகிறது. ஏன் வாங்கவில்லை?